லிட்டில் ராக்கில் நான்கு நாள்: சென்ட்ரல் ஹைஸ்கூலைத் தேடி

முதல் நாள், செவ்வாய் இரவு

மகள் வரும் ஆகஸ்டில் ஹைஸ்கூல் போகிறாள். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் போன மாதம் வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பேண்டில் கிளாரினெட் வாசிப்பதா, கொயரில் பாடுவதா? ஓட்டப் பயிற்சியில் சேர்ந்தால் விடிகாலையில் யார் கொண்டுபோய் விடுவது? தோழிகளுக்கும் தனக்கும் ஒரே நேரத்தில் மதிய இடைவேளை கிடைக்குமா? கடைசிக் கேள்விதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. "தனியா உக்காந்து சாப்பிடணும்னா என்னால முடியவே முடியாதும்மா" என்று ஒருநாள் சொன்னாள். அவள் குரலில் உண்மையான பயம் இருந்தது.

அன்று இரவு எனக்கு ஆர்கன்சா மாநிலத் தலைநகர் லிட்டில் ராக் நினைவு வந்தது. 1957இல் அங்கே சென்ட்ரல் ஹைஸ்கூல் என்ற வெள்ளையர் பள்ளிக்குள் ஒன்பது கருப்பினப் பிள்ளைகள் நுழைய ராணுவம் வர வேண்டியிருந்தது. அதை வரலாறாகப் படித்திருக்கிறேன். ஆனால் உள்ளே போன பிறகு அவர்கள் மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. வசந்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கணவர் கேட்டதும் யோசிக்காமல் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

டாலஸிலிருந்து ஐந்து மணி நேரம். டெக்சர்கானா தாண்டியதும் ஆர்கன்சா மாநிலம், இருபுறமும் பைன் காடு. வழியெல்லாம் மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஊருக்குள் வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஹோட்டலுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பார்க் தெருவுக்கு வண்டியைத் திருப்பினோம்.

பள்ளி என்று சொன்னால் நம்ப முடியாது. இரண்டு தெரு நீளத்துக்கு, நடுவில் கோபுரம் போல் உயர்ந்து, இருபுறமும் சிறகு விரித்த மஞ்சள் பழுப்புச் செங்கல் கட்டடம். 1927இல் 15 லட்சம் டாலர் செலவில் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மிக அழகான ஹைஸ்கூல் என்று கட்டடக் கலைஞர்கள் புகழ்ந்த இடம். முன்னால் ஒரு குளம், இரு பக்கமும் வளைந்தேறும் படிகள், வாசலுக்கு மேலே நான்கு சிலைகள். லட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம் என்று அவற்றுக்குப் பெயர். மகள் காருக்குள்ளிருந்தே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குள்ள வழி தெரியாம தொலைஞ்சு போயிடுவேன்" என்றாள்.

நாளைக் காலை ரேஞ்சரோடு உள்ளே போக முன்பதிவு செய்திருக்கிறோம்.

இரண்டாம் நாள், புதன் இரவு

நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன்.

பள்ளி இன்றும் நடக்கிறது. அதே நேரத்தில் 1998 முதல் அது தேசிய வரலாற்றுத் தலமும்கூட. அதனால் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது, தேசியப் பூங்காத் துறையின் ரேஞ்சர்தான் கூட்டிப்போக வேண்டும். பள்ளிக்கு எதிர்மூலையில் ஒரு பழைய பெட்ரோல் பங்க்கை 1957இல் இருந்தது போலவே வைத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் வந்து குவிந்த நிருபர்கள் அங்கிருந்த போனுக்குத்தான் முண்டியடித்திருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே காட்சிக்கூடம். அங்கே உள்ள பழைய தொலைக்காட்சிப் படங்களில் அந்தக் கூட்டத்தின் சத்தம் அப்படியே கேட்கிறது. படிப்பது வேறு, அந்தச் சத்தத்தைக் காதால் கேட்பது வேறு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கருப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையர் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளி வைப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொன்னது. லிட்டில் ராக் பள்ளி நிர்வாகம் அதை மெதுவாக, மேல் வகுப்புகளிலிருந்து தொடங்கி நிறைவேற்றுவதாக ஒரு திட்டம் போட்டது. சேர விரும்பிய கருப்பின மாணவர்களைச் சலித்துச் சலித்து, கடைசியில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். எர்னஸ்ட் கிரீன், எலிசபெத் எக்ஃபோர்ட், மின்னிஜீன் பிரவுன், மெல்பா பட்டிலோ, குளோரியா ரே, கார்லோட்டா வால்ஸ், தெல்மா மதர்ஷெட், டெரன்ஸ் ராபர்ட்ஸ், ஜெஃபர்சன் தாமஸ். கார்லோட்டாவுக்கு அப்போது பதினான்கு வயது, என் மகளின் வயது.

செப்டம்பர் 4ஆம் தேதி காலை. மாநிலக் கவர்னர் ஆர்வல் ஃபாபஸ் நேஷனல் கார்டு என்ற மாநிலப் படையின் வீரர்களை நிறுத்தி ஒன்பது பேரையும் தடுக்கச் சொல்லியிருந்தார். பிள்ளைகளைத் தனித்தனியே அனுப்ப வேண்டாம், ஓரிடத்தில் கூடிப் பாதிரியார்களோடு சேர்ந்து போகலாம் என்று முந்தைய இரவு மற்ற வீடுகளுக்குத் தகவல் போனது. எலிசபெத் வீட்டில் போன் கிடையாது. பதினைந்து வயதுப் பெண், புதுப் பள்ளிக்கென்று தைத்த வெள்ளை உடையைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை மார்போடு அணைத்தபடி பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கினாள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு வழிவிட்ட வீரர்கள் அவளை மட்டும் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி மறித்தார்கள். பின்னால் கூட்டம் கத்திக்கொண்டே வந்தது. அவள் ஓடவில்லை. தெருக்கோடியில் இருந்த பஸ் நிறுத்த பெஞ்சு வரை போய்விட்டால் போதும் என்று அதையே பார்த்து நடந்தாள். போய் உட்கார்ந்தாள். நியூயார்க் டைம்ஸ் நிருபர் பெஞ்சமின் ஃபைன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆறுதல் சொன்னார். கிரேஸ் லார்ச் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி கூட்டத்தை விலக்கி, பஸ்ஸிலும் கூடவே ஏறினார். எலிசபெத் வீட்டுக்குப் போகவில்லை. அம்மா வேலை பார்த்த இடத்துக்குப் போனாள்.

பள்ளியின் முன் நடைபாதையில் நின்று ரேஞ்சர் இதைச் சொன்னபோது, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணால் அளந்து பார்த்தேன். சாதாரணமாக நடந்தால் சில நிமிடம்தான். அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு தூரமாக இருந்திருக்கும்!

பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். செப்டம்பர் 23ஆம் தேதி பக்கவாசல் வழியே உள்ளே போன ஒன்பது பேரையும், வெளியே கலவரம் மூண்டதால், மதியத்துக்குள் வெளியேற்றினார்கள். அடுத்த நாள் ஜனாதிபதி ஐசன்ஹோவர் ராணுவத்தின் 101ஆவது பாராசூட் படைப்பிரிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பினார். 25ஆம் தேதி காலை ராணுவ வண்டியில் வந்து, வீரர்கள் சூழ, இந்த முன்படிகளில் ஏறியே உள்ளே போனார்கள். ஆளுக்கு ஒரு வீரர் காவல்.

பெரும்பாலும் கதையை இங்கே முடித்துவிடுகிறோம். எனக்கு இன்று கனத்தது இதற்கப்புறம் உள்ள கதைதான்.

ஏறத்தாழ இரண்டாயிரம் மாணவர்கள் படித்த பள்ளி அது. அந்தக் காலத்து அமெரிக்க ஹைஸ்கூல் என்றால் அது ஊருக்குள் இன்னொரு ஊர். காலையில் வருகைப் பதிவு எடுக்கும் ஹோம்ரூம், மணியடித்ததும் லாக்கர் கதவுகள் சாத்தும் சத்தம், வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால். பள்ளி அணிக்குப் பெயர் டைகர்ஸ், அந்த ஆண்டு ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. மாணவர் பத்திரிகைக்குப் பெயர் 'தி டைகர்', ஆண்டுமலருக்குப் 'பிக்ஸ்'. கொயர், பேண்டு, நாடகம், விவாதம், நடனம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம். அமெரிக்கப் பிள்ளைகளைக் கேட்டால் பாடத்தைவிட இதைத்தான் பள்ளிக்கூடம் என்பார்கள்.

அந்த ஒன்பது பேருக்கு இதில் எதுவும் கிடையாது. வகுப்புக்கு வரலாம், போகலாம். விளையாட்டில், பேண்டில், கொயரில் சேரக் கூடாது. சேரும் முன்பே நிர்வாகம் சொல்லிவிட்ட நிபந்தனை இது. ஜெஃபர்சன் தாமஸ் பழைய பள்ளியில் ஓட்டக்காரர். எர்னஸ்ட் கிரீன் சாக்ஸஃபோன் வாசித்தவர். மின்னிஜீனுக்குப் பாட ஆசை. பெயர்ப்பலகை முன் நின்று ரேஞ்சர் இதைச் சொன்னதும் என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாரக்கணக்கில் வீட்டு மேசையில் கிடந்த அந்தப் படிவம்தான் எனக்கும் நினைவு வந்தது.

வீரர்கள் தாழ்வாரம் வரை கூட வரலாம். வகுப்பறைக்குள், கழிவறைக்குள், உடை மாற்றும் அறைக்குள் வர முடியாது. இடிப்பதும் உதைப்பதும் லாக்கரை உடைத்துப் புத்தகத்தைப் பாழாக்குவதும் அங்கெல்லாம் நடந்தன. மெல்பாவின் கண்ணில் ஒருவன் அமிலம் தெளித்தான். காவலுக்கு இருந்த வீரர் உடனே தண்ணீர் விட்டுக் கழுவியதால்தான் பார்வை தப்பியது. நவம்பர் முடிவதற்குள் பாராசூட் படையினர் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் நின்ற நேஷனல் கார்டு வீரர்களுக்கு அந்த அக்கறை இல்லை.

சரி, சாப்பாட்டுக் கூடத்துக்கு வருகிறேன். டிசம்பர் 17, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சற்று முன். மின்னிஜீன் தட்டில் சில்லி வாங்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். (மிளகாய், இறைச்சி, பீன்ஸ் போட்டுக் கெட்டியாக வேகவைக்கும் குழம்பு அது.) பையன்கள் நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி வழியை அடைத்தார்கள். தட்டு கவிழ்ந்து இரண்டு பையன்கள் மேல் சில்லி கொட்டியது. கூடமே ஒரு கணம் வாயடைத்துப் போனது. அப்புறம் சமையல்கட்டுப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. பரிமாறிக்கொண்டிருந்த கருப்பின ஊழியர்கள் தட்டினார்கள். எர்னஸ்ட் கிரீன் பல ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்தது இது. மின்னிஜீனைப் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள். பிப்ரவரியில் இன்னொரு சண்டைக்குப் பின் மொத்தமாகவே வெளியேற்றிவிட்டார்கள். 'ஒன்று போயிற்று, இன்னும் எட்டு' என்று அட்டை அச்சடித்து மாணவர்கள் விநியோகித்தார்கள். அவள் நியூயார்க்கில் வேறு பள்ளியில் சேர்ந்து படிப்பை முடித்தாள்.

கூடவே உட்கார ஒருவரும் இல்லையா என்று மகள் ரேஞ்சரிடம் கேட்டாள். இருந்தார்கள், மிகக் கொஞ்சம் பேர். பேசினார்கள், சிரித்தார்கள், பாடத்துக்கு உதவினார்கள். அப்படிப் பழகியவர்களுக்கே அடியும் மிரட்டலும் வரத் தொடங்கியதும் அவர்களில் பலரும் ஒதுங்கிப் போனார்கள். சத்தம் போட்டவர்கள் ஒரு சிறு கூட்டம்தான். பெரும்பாலானவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அந்தப் பார்க்காத மாதிரி இருந்த பெரும்பான்மையைப் பற்றித்தான் நான் இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எலிசபெத் பிறந்தது 1941 அக்டோபர் 4. அவளுக்குப் பதினாறு முடிந்த அதே 1957 அக்டோபர் 4ஆம் தேதிதான் ரஷ்யா ஸ்புட்னிக்கை வானில் ஏற்றியது. மாஸ்கோ வானொலி அது கடந்துபோகும் ஊர்களை அறிவித்தபோது லிட்டில் ராக்கின் பெயரையும் சேர்த்துச் சொன்னது. உலகமே அண்ணாந்து பார்த்த அந்த நாட்களில், அந்தப் பெண் தினமும் முதுகில் எச்சில் படாமல் வீடு திரும்ப முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள், வியாழன்

மழை நின்று நல்ல வெயில். காலையில் டன்பார் பள்ளி. சென்ட்ரலிலிருந்து பக்கம்தான். கருப்பின மாணவர்களுக்கென்று 1929இல் கட்டியது, இப்போது நடுநிலைப் பள்ளியாக இருக்கிறது. வெளியிலிருந்துதான் பார்த்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் சென்ட்ரலின் தங்கை போலவே இருக்கிறது, அதே சாயல், அளவில் சிறியது. அதற்கு 15 லட்சம், இதற்குச் சுமார் 4 லட்சம் டாலர். பாடப்புத்தகங்கள் வெள்ளையர் பள்ளியில் கிழிந்து பழசான பிறகு இங்கே வரும்.

ஆனால் இந்தப் பள்ளியைப் பற்றி இரக்கத்தோடு பேசினால் அது தவறு. ஆசிரியர்கள் நன்றாகப் படித்தவர்கள், கண்டிப்பானவர்கள், ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அறிந்தவர்கள். அந்த ஒன்பது பேரின் படிப்பும் நிமிர்வும் சென்ட்ரல் கொடுத்தவை அல்ல. டன்பாரும், 1956இல் திறந்த ஹோரஸ் மான் பள்ளியும் கொடுத்தவை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், அந்த ஒன்பது பேருக்கும் துணைநின்று வழிகாட்டிய கருப்பினத் தலைவி டெய்ஸி பேட்ஸின் வீடு. மேற்கு 28ஆம் தெருவில், முன்பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த சிறிய வீடு. ஒன்பது பேரும் காலையில் கூடுவதும் மாலையில் வந்து விழுவதும் இங்கேதான். அவரும் கணவரும் 'ஆர்கன்சா ஸ்டேட் பிரஸ்' என்ற வாரப் பத்திரிகை நடத்தினார்கள். அந்த ஜன்னலைக் கல்லெறிந்து உடைத்தார்கள். விளம்பரதாரர்கள் விலகியதால் 1959இல் பத்திரிகையையும் மூட வேண்டி வந்தது. இன்று பள்ளியை ஒட்டிய தெருவுக்கு அவர் பெயர். 2024 முதல் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஆர்கன்சா மாநிலத்தின் சார்பில் அவர் சிலை நிற்கிறது. வீட்டுக்கு எதிரே சும்மா நின்றுகொண்டிருந்தோம். ஒரு பெரியவர் நாயோடு போனவர், "நல்ல வீட்டைத்தான் பார்க்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மதியம் ஆற்றங்கரைப் பக்கம் கெளுத்தி மீன் வறுவல் சாப்பிட்டோம். சோள மாவு தடவிப் பொரித்தது, நன்றாக இருந்தது.

மாலையில் மாநிலத் தலைமைச் செயலகம். அதன் வளாகத்தில் ஒன்பது பேரின் வெண்கலச் சிலைகள், 2005இல் வைத்தவை. புத்தகத்தோடு நடந்துபோகும் கோலம். கவர்னர் அலுவலகத்தைப் பார்த்தபடி நிறுத்தியிருக்கிறார்கள். மகள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அடையாளம் கண்டாள்.

அங்கே உட்கார்ந்துதான் அவளுக்கு அடுத்த ஆண்டின் கதையைச் சொன்னேன். 1958 செப்டம்பரில், கருப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்குப் பதிலாக, கவர்னர் ஊரிலிருந்த நான்கு அரசு ஹைஸ்கூல்களையும் மூடிவிட்டார். ஓட்டெடுப்பு வைத்தார்கள். 19,470 பேர் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டாம் என்றும், 7,561 பேர் வேண்டும் என்றும் வாக்களித்தார்கள். ஒரு முழு ஆண்டு 3,600க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. வசதி இருந்தவர்கள் வெளியூர் உறவினர் வீட்டுக்கும் தனியார் பள்ளிக்கும் போனார்கள். கருப்பினப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு எந்த வழியும் கிடைக்கவில்லை. ஆசிரியர்களுக்கோ ஒப்பந்தம் இருந்தது. அவர்கள் தினமும் வந்து காலி வகுப்பறையில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஃபுட்பால் ஆட்டங்கள் மட்டும் நிற்கவில்லை!

"ஸ்கூலே இல்லாம மேட்சா?" என்றாள் மகள். அந்த ஊர் அன்று எதை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

பள்ளிகளைத் திறக்கச் சொல்லி முதலில் வெளிப்படையாகக் கிளம்பிய வெள்ளையர்கள் பெண்கள். அடோல்ஃபீன் ஃப்ளெட்சர் டெரி என்ற எழுபத்தைந்து வயது அம்மாள் வீட்டில் கூடி ஒரு குழு அமைத்தார்கள். 1959 மே மாதத்தில் பள்ளி நிர்வாகக் குழுவின் ஒரு பகுதியினர் ஆசிரியர்களும் பள்ளி அலுவலர்களுமாக 44 பேரை வேலையிலிருந்து நீக்க முயன்றதும் ஊர் விழித்துக்கொண்டது. தேர்தல் நடத்தி அந்த உறுப்பினர்களை வெளியேற்றினார்கள். ஆகஸ்டில் பள்ளிகள் திறந்தன. கார்லோட்டாவும் ஜெஃபர்சனும் சென்ட்ரலுக்கே திரும்பி வந்து 1960இல் முடித்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் கார்லோட்டாவின் வீட்டில் குண்டு வெடித்தது. மறுநாளும் அவள் பள்ளிக்குப் போனாள்.

நான்காம் நாள், வெள்ளி. டாலஸ் திரும்பிய பிறகு எழுதுவது

காலையில் கிளம்புமுன் கடைசியாக ஒருமுறை பள்ளிப் பக்கம் போனோம். முதலில் பின்னால் இருக்கும் க்விக்லி ஸ்டேடியம். 1958 மே 27ஆம் தேதி மாலை இங்கேதான் பட்டமளிப்பு நடந்தது. அறுநூறு பேருக்கு மேல் மேடையேறினார்கள், அதில் எர்னஸ்ட் கிரீன் ஒருவர்தான் கருப்பினத்தவர். மற்றவர்கள் பெயருக்கெல்லாம் கைதட்டல் எழுந்தது, அவர் பெயருக்கு அமைதி. அவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு இறங்கினார். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 29. அடுத்த ஆண்டே அவர் இந்தியாவுக்கு வந்து கன்னியாகுமரிக் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்த்தார். காந்தியைத் தேடி நம் மண்ணுக்கு வந்த அந்தக் கண்கள் அதற்கு முன் இந்த மைதானத்தின் அமைதியைப் பார்த்திருக்கின்றன என்பது எனக்கு இன்றுதான் உறைத்தது.

பிறகு முன்வாசல். முதல் மணிக்கு முன் பிள்ளைகள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். கருப்பு, வெள்ளை, பழுப்பு எல்லா நிறமும். ஒருத்தி படியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டே வீட்டுப்பாடம் எழுதினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் அவள் நோட்டைப் பார்த்து எழுதத் தொடங்கினான். யாரும் மேலே சிலைகளைப் பார்க்கவில்லை.

தெருக்கோடியில் அந்த பெஞ்சு. பழையது அல்ல. இதே பள்ளி மாணவர்கள் எலிசபெத் எக்ஃபோர்டோடு சேர்ந்து உழைத்து 2018இல் அதேபோல ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். பெரியவர்களின் நினைவுகளைப் பேட்டி கண்டு தொகுக்கும் வேலையையும் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள்.

எலிசபெத் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று மகள் கேட்டாள். அரைமணி நேரம் போல, என்றேன். "நானும் அவ்வளவு நேரம் உக்காந்து பாக்கறேன்" என்று கைபேசியில் நேரம் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்காரப் போனேன்.

"நீ வேண்டாம்மா. அப்பாகூட அங்க நில்லு."

தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றோம். பள்ளி மணி அடித்தது. படிகள் காலியாயின. மகள் முதலில் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள், பிறகு ஆட்டவில்லை. கைபேசியைத் தொடவில்லை. பையை மடியில் எடுத்து வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு கார் வேகத்தைக் குறைத்துப் போனபோது தலையைக் குனிந்தாள். எனக்கு இந்தப் பக்கம் நிற்கவே முடியவில்லை. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தாள்.

"அம்மா, இப்ப வா. வந்து உக்காரு."